"நீ விளையாடினே, நான் பாத்திரம் தேய்ச்சேன்"

கேள்வி: எனக்கு வயது 43. மகனுக்கு 10, மகளுக்கு 7. என் சின்ன வயதில் பள்ளிவிட்டு வந்ததும் பையை வீசிவிட்டு வெளியே ஓடினால், இருட்டிய பிறகுதான் வீடு. கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் சாப்பாடு சூடாக இருக்கும். அம்மா, அப்பா, அண்ணன், அக்கா, நான் என்று ஐந்து பேரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். என் பிள்ளைகளுக்கு இது எதுவுமே கிடைக்கவில்லை. ஆளுக்கு ஒரு நேரத்தில் சாப்பாடு, ஆளுக்கு ஒரு திரை. அந்தக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாலே மகன் "ஆரம்பிச்சுட்டீங்களாப்பா" என்கிறான். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் செய்வதைப் போலவே சமைத்துப் பார்த்தேன், அந்த ருசி வரவில்லை. போன மாதம் குடும்பமாகக் கூடியிருந்தபோது பழைய நாட்களைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா சட்டென்று, "நீ விளையாடினே, நான் பாத்திரம் தேய்ச்சேன். எனக்கு அந்த நாளெல்லாம் திரும்பி வரவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நான் நினைத்துக்கொண்டிருப்பது எல்லாம் பொய்யா? பிள்ளைகளுக்கு அந்த மாதிரி ஒரு குழந்தைப் பருவத்தை எப்படிக் கொடுப்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்குத்தான் நீங்கள் அவசரப்படுவீர்கள் என்று தெரியும். ஆனால் நான் அக்காவிடமிருந்துதான் தொடங்கப்போகிறேன். ஒரு ஆலோசகராக உங்கள் கடிதத்தைப் படித்தபோது நான் நின்றுபோனது அவர் சொன்ன அந்த ஒரு வரியில்தான். பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பதற்கான பதிலில் பாதியும் அதிலேயே இருக்கிறது.

உங்கள் கடிதத்தின் ஒரு வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். "வந்து உட்கார்ந்தால் சாப்பாடு சூடாக இருக்கும்." யார் சூடாக்கியது? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. சாப்பாடு தானாகவே சூடாக இருக்கிறது. தட்டு தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஓடிக் களைத்துப் பசியோடு வரும் எட்டு வயதுப் பையனுக்குத் தட்டுதான் தெரியும், தட்டை வைத்த கை தெரியாது. அந்த வயதுக்கு அது இயல்பு. ஆனால் 43 வயதிலும் அதே வாக்கியத்தை அப்படியே சொன்னால், அந்தக் கைக்குச் சொந்தக்காரி எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், வலிக்குமா வலிக்காதா?

உங்கள் நினைவு பொய் இல்லை, அக்காவின் நினைவும் பொய் இல்லை. ஒரே வீடு, ஒரே சாயங்காலம். வாசலுக்கு வெளியே நீங்கள், உள்ளே அவர். இருவரும் ஆளுக்கு ஒரு பாதியைத்தான் பார்த்தீர்கள்.

நினைவு என்பது பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்த பொருள் போல இருக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை என்பதை பிரெடரிக் பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1932-லேயே விளக்கிவிட்டார். ஒரு பழக்கமில்லாத கதையைப் படிக்கக் கொடுத்து, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் சுருங்கியது, சொல்பவருக்குப் புரியாத இடங்கள் உதிர்ந்தன, அவருக்குப் பழக்கமான விவரங்கள் உள்ளே நுழைந்தன. நினைத்துப் பார்ப்பது என்றால் மீண்டும் கட்டுவது. நீங்கள் முப்பது வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் சமையலறை சின்னதாகிக்கொண்டே வந்திருக்கிறது, விளையாட்டு மைதானம் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. அக்காவின் வீட்டில் அது தலைகீழ்.

உடன்பிறந்தவர்கள் விஷயத்தில் இது இன்னும் வேடிக்கையாகப் போகும். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் இரட்டையர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டார்கள். ஒரே சம்பவத்தை "அது எனக்கு நடந்தது" என்று இருவருமே உரிமை கொண்டாடினார்கள், பல ஜோடிகளில். என் சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது எனக்கு அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருந்தது. விழும்போது பிடித்த கிளையின் சொரசொரப்பு உள்ளங்கையில் இன்றும் இருக்கிறது. பல வருடம் கழித்து அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், விழுந்தது தம்பி, நான் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தேன் என்று. நினைவுகளைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஆனாலும் அந்தக் கிளையின் சொரசொரப்பு போகவில்லை, பாருங்கள்.

ஆகவே "யார் சொல்வது நிஜம்" என்ற வழக்கை நடத்தாதீர்கள். அக்கா உங்கள் நினைவைத் தாக்கவில்லை. அந்தச் சாயங்காலங்களில் தானும் அந்த வீட்டில் இருந்ததை யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் அவர் கேட்கிறார். அம்மா இருந்தவரை அதற்கு ஒரு சாட்சி இருந்தது. இப்போது இல்லை. நீங்கள் இழந்தது அம்மாவை என்றால், அக்கா இழந்தது அம்மாவையும் அந்தச் சாட்சியையும்.

அடுத்து உங்கள் ஏக்கம். 1688-இல் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் எழுதிய ஆய்வேட்டில்தான் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உண்டாக்கினார். வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். ஊரை விட்டு வெகுதூரம் போனவர்களுக்கு வரும் நோயாகத்தான் அதை அவர் வர்ணித்தார். அதற்குப் பிறகு மிக நீண்ட காலம் மருத்துவர்கள் அதை நோயாகவே நடத்தினார்கள். இன்றைய உளவியலில் அந்தக் கருத்து மாறிவிட்டது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2000-களிலிருந்து இதைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான்: மனிதர்கள் தனிமையாக உணரும்போது பழைய நினைவு அதிகமாகக் கிளம்புகிறது. அந்த நினைவில் பெரும்பாலும் பிற மனிதர்கள் இருப்பார்கள். நினைத்து முடித்ததும் 'எனக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்' என்ற உணர்வு கொஞ்சம் கூடுகிறது. அதாவது மனசு தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் ஒத்தடம்.

உங்களுக்கு இது எப்போது அதிகமாக வருகிறது என்று கவனித்தீர்களா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. ஆனால் அம்மா போன இரண்டு வருடத்தில்தான் சமைத்துப் பார்க்கும் முயற்சி, பிள்ளைகளிடம் கதை, குடும்பக் கூட்டத்தில் உற்சாகப் பேச்சு எல்லாம் கூடியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தைப் பற்றிய கவலை என்று நீங்கள் எழுதியதில் ஒரு பெரிய பங்கு அம்மாவுக்கான துக்கம். அதை அப்படியே பெயர் சொல்லி அழைத்துவிட்டால் பிள்ளைகள் தலையில் இறங்கும் பாரம் குறையும். தூக்கம் கெட்டு, வேலையில் மனம் போகாமல் இருக்கிறது என்றால் மட்டும் பக்கத்தில் ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள்.

சரி, அந்த ருசி ஏன் வரவில்லை? இதை நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்கும்போது கிட்டத்தட்ட எல்லோர் குரலும் தாழ்ந்துவிடும், ஏதோ தோற்றுப்போன மாதிரி. நீங்கள் தோற்கவில்லை. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வாசனைதான். மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. சளி பிடித்த நாளில் எல்லாமே சப்பென்று இருப்பது அதனால்தான். பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் இறங்கி ஏறித்தான் மேலே போகின்றன. வாசனை மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளின் பக்கத்திலேயே போய் இறங்குகிறது. அம்மாவின் சமையல் வாசனையோடு வேர்வையும் களைப்பும் வெற்றிகரமாக வீடு திரும்பிய நிம்மதியும் சேர்ந்து உங்களுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டது அப்படித்தான்.

இப்போது நீங்களே அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்று சமைக்கிறீர்கள். அந்த வாசனையை முகர்ந்து முகர்ந்து மூக்கு பழகி, சாப்பிட உட்காரும்போது அதை அறிவிப்பதையே நிறுத்திவிட்டிருக்கும். அப்புறம், அன்று மூன்று மணி நேரம் ஓடிவிட்டு வந்த பசி. இன்று அந்தப் பசி எங்கே? செய்முறையில் பிழை இல்லை. விடுபட்ட சாமான் நீங்கள் ஓடிய ஓட்டம். ஒரு யோசனை: அதே பதார்த்தத்தை வேறு யாரையாவது செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் பிள்ளைகளோடு வெளியே போய் வேர்க்க வேர்க்க ஓடிவிட்டு, வாசலில் நுழையும்போது அந்த வாசனையைச் சந்தித்துப் பாருங்கள். அம்மாவின் கை வராது. ஆனால் இப்போது வருவதைவிடக் கிட்டே வரும்.

இனி பிள்ளைகள். நீங்கள் ஏங்குவது எந்த விளையாட்டுக்காக? எந்த விளையாட்டின் பெயரையும் நீங்கள் எழுதவில்லை. "இருட்டிய பிறகுதான் வீடு" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் விஷயம். யாரும் பார்க்காத, யாரும் மணி பார்த்துக் கூப்பிடாத நேரம் உங்களுக்கு இருந்தது. சண்டை வந்தால் தீர்த்துவைக்கப் பெரியவர்கள் இல்லை. நீங்களே தீர்த்தீர்கள், இல்லையென்றால் ஆட்டம் நின்றுவிடும்.

ஸ்விட்சர்லாந்துப் பிள்ளைகள் கோலி ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, தானும் ஆடி, கேள்வி கேட்டவர் ழான் பியாஜே என்ற ஸ்விஸ் உளவியலாளர். 1932-இல் அதைப் புத்தகமாக எழுதினார். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளைக் கேட்டால், விதிகள் பெரியவர்கள் கொடுத்தவை, மாற்றவே முடியாது என்பார்கள். ஆனால் ஆடும்போது ஆளாளுக்கு ஒரு விதி! பத்து வயதைத் தாண்டியவர்கள் வேறு மாதிரி பேசினார்கள்: எல்லோரும் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம். இந்த இடத்துக்குச் சக வயதுப் பிள்ளைகளோடு பேரம் பேசிப் பேசித்தான் வந்து சேர முடியும் என்பது அவர் கருத்து. உங்கள் மகனுக்கு இப்போது 10. விசில் ஊதும் பயிற்சியாளர் இருக்கும் வகுப்பு நல்லதுதான், ஆனால் அங்கே விதியைப் பற்றிப் பேரம் பேச அவனுக்கு இடமில்லை.

உங்கள் காலத்தைப் போல மூன்று மணி நேரம் கண்மறைவாக விடுவது உங்கள் சூழலில் முடியுமா என்று எனக்குத் தெரியாது. போக்குவரத்து, இடம், பயம், எல்லாமே உண்மையான காரணங்கள். முடியாவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு, வாரம் முழுவதற்குமான சராசரியாக, நாளொன்றுக்குக் குறைந்தது 60 நிமிடம் மிதமாகவோ வேகமாகவோ உடலை அசைக்க வேண்டும் என்பதுதான் 2020-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. வெளியே இருப்பதற்கு வேறொரு பலனும் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பிரித்து, பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 100-க்கு சுமார் 30, மற்றவற்றில் சுமார் 40. 2015-இல் வெளியான முடிவு இது. கண்ணாடிக்கடைக்கு அலைவதைவிட 40 நிமிடம் சுலபம்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கிற ஒரு திறந்த இடம், வாரத்தில் சில நாட்கள், அதே நேரம். நீங்கள் கூடவே போங்கள், ஆனால் தள்ளி உட்காருங்கள். முதலில் "போரடிக்குது" என்று உங்களிடம் வருவார்கள். அப்போது நீங்கள் எழுந்துபோய் உங்கள் பழைய விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தீர்கள் என்றால் கெட்டது. அது உங்கள் ஆட்டமாகிவிடும். "ம்ம்" என்று சொல்லிவிட்டு சும்மா இருங்கள். நான் பார்த்த வரையில் அந்த அலுப்பு கால் மணி, அரை மணியில் ஒரு குச்சியிலோ ஒரு குட்டையிலோ போய் முடியும். மகள் சட்டை முழுக்கச் சேறோடு வருவாள். அன்றைக்குச் சட்டையைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் உங்கள் வேலை.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சேர்ந்து சாப்பிடும் குடும்பத்துப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், மனநலம் நன்றாக இருக்கிறது என்றெல்லாம் நிறைய ஆய்வுகள் சொல்கின்றன. சரிதான். ஆனால் சேர்ந்து சாப்பிட நேரம் கிடைக்கிற குடும்பம் ஏற்கெனவே வேறு பல வகையிலும் கொஞ்சம் நிம்மதியான குடும்பமாக இருக்கும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம். ஆகவே ஏழு நாளும் மூன்று வேளையும் என்று சபதம் எடுக்க வேண்டாம். எந்த வேளை உங்கள் நால்வருக்கும் ஒத்துவருமோ, அதில் வாரம் இரண்டு மூன்று. காலையாக இருந்தாலும் பரவாயில்லை. ஃபோன்கள் வேறு அறையில், முதலில் உங்களுடையது. எல்லன் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த பங்கீடு ஒன்று இருக்கிறது, நான் எல்லா வீட்டுக்கும் சொல்வது: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. "இன்னும் ஒரு வாய்" என்ற சொல்லை மேஜையிலிருந்து எடுத்துவிட்டால் பேச்சுக்கு இடம் கிடைக்கும்.

அப்புறம் யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யார் தேய்ப்பது? உங்கள் வீட்டில் உங்கள் மகள் அக்கா இல்லை, தங்கைதான். ஆனால் பெண். முப்பது வருடம் கழித்து "அண்ணன் விளையாடினான், நான் தட்டு வைத்தேன்" என்று அவள் சொல்லக்கூடாது அல்லவா? 10 வயது மகன் தண்ணீர் ஊற்றிவைக்கலாம், தட்டு கழுவலாம், காய் நறுக்கப் பழகலாம். உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதையும் கவனித்தேன். அந்த மேஜையை நினைவில் வைத்திருக்கப்போவது அவரும்தான். பழைய நாட்களை மீட்கும் உங்கள் திட்டம் அவருக்கு இன்னொரு வேலையாக வந்து விழுந்தால், அது அக்காவின் கதையின் இரண்டாம் பாகம்.

மகனின் "ஆரம்பிச்சுட்டீங்களாப்பா" எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. உங்கள் கதை ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு குச்சி கட்டியிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "நாங்கள் எப்படி இருந்தோம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்" என்ற குச்சி. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அம்மாவும் அப்பாவும் எங்கே சந்தித்தார்கள், குடும்பத்தில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தது என்பது மாதிரியான கேள்விகள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருந்தது. ஆனால் விடைகளை மனப்பாடம் செய்வித்துப் பயனில்லை என்று டியூக்கே சொல்லிவிட்டார். அந்தக் கதைகள் சொல்லப்படும் விதமும் நேரமும்தான் முக்கியம். ஏற்றமும் இறக்கமும் இரண்டும் உள்ள கதைதான் பிள்ளைகளைத் தாங்குகிறது என்பதும் அவர்கள் கருத்து. உங்கள் கதைகளில் இறக்கமே இல்லை. ஒருநாள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாமல் உங்களை ஓரமாக நிற்கவைத்திருப்பார்களே? தோற்றுவிட்டு அழுதுகொண்டே வந்தது, பொய் சொல்லி மாட்டிக்கொண்டது? அதைச் சொல்லுங்கள். குச்சியைக் கழற்றிவிட்டுச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் "இப்போதெல்லாம்..." என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள்.

அக்காவுக்கு இந்த வாரமே ஃபோன் செய்யுங்கள். மன்னிப்பில் தொடங்க வேண்டாம். "பரவாயில்ல விடுடா" என்று அவர் முடித்துவிடுவார், உங்கள் இருவருக்கும் அது சுலபம். பதிலாகக் கேளுங்கள். நாங்கள் வெளியே ஆடிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக உனக்கு என்ன தெரியும்? அம்மா உன்னிடம் என்ன பேசிக்கொண்டிருப்பார்? உனக்கு எந்த விளையாட்டு பிடிக்கும்? அடுப்புக்குப் பக்கத்தில் அத்தனை வருடம் நின்றவர் அவர். அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாத நிறைய விஷயம் அவரிடம் இருக்கும், அந்தப் பதார்த்தத்தில் என்ன போட்டார் என்பது உட்பட. இடையில் அவர் கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். இன்னொன்று, முதல் தடவை பேசும்போது ஸ்பீக்கரில் போடாதீர்கள். பிள்ளைகள் கேட்பது அடுத்த தடவை இருக்கட்டும், அதுவும் அக்காவிடம் கேட்டுவிட்டு.